ஓர் இலக்கத்துக்கு மூன்று பேர்

ஒரு தொலைபேசி இலக்கத்திலிருந்து மாதத்துக்கு மூன்று பேருக்குத்தான் கிளினிக் திகதி எடுக்கலாம். அதற்கு மேல் போனால் அந்த இலக்கம் பூட்டப்படும். அதிலுள்ள பதிவுகள் எல்லாம் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்படும். இந்த விதியை எழுதியவள் நான். நீங்கள் இப்போது பராமரிக்கும் இணையத்தளத்தில் அது இல்லை. ஏன் இல்லை என்று உங்களில் ஒருவர் போன கிழமை என்னிடம் கேட்டார். அலுவலகக் கோவையைப் புரட்டிப் பார்த்தாராம், "பயனாளர் கருத்துக்கிணங்க நீக்கப்பட்டது" என்று ஒரு வரிதான் இருக்கிறதாம். அந்த வரியை எழுதியவளும் நான்தான். அதில் பொய் இல்லை, ஆனால் நடந்ததில் பாதிகூட இல்லை. ஓய்வூதியம் எடுக்கிறவளை இனி யாரும் இடமாற்றம் செய்ய முடியாது என்ற துணிவில் மீதியை எழுதுகிறேன்.

எந்தத் திணைக்களம், எந்த வைத்தியசாலை என்பது உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. தளம் வருவதற்கு முன் கிளினிக்குக்கு நம்பர் துண்டு எடுக்க விடியப்புறமே வரிசை நிற்கும். துண்டை எடுத்து விற்பதற்கென்றே சில தரகர்கள் அந்த வரிசையில் நிற்பார்கள். அவர்கள் இணையத்துக்கும் வந்துவிடுவார்கள் என்று எங்கள் பணிப்பாளர் பயந்தார். பயத்தில் நியாயம் இருந்தது. தளம் திறந்து சில மாதங்களில் நான் இந்த விதியைப் போட்டுக் கொடுத்தேன். கூட்டத்தில் கை தட்டினார்கள்.

விதியை இயக்கிய அன்றே ஓர் இலக்கம் அகப்பட்டது. ஓர் இலக்கத்தில் நாற்பத்தொரு பேர்! எல்லோரும் நெடுந்தீவு. எல்லோருக்கும் ஒரே முகவரி: இலக்கம் 1, பிரதான வீதி. எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல். பத்து மணிக்குப் பிந்திய நேரங்களாகப் பார்த்து, பதிவு திறந்த சில நிமிடங்களுக்குள் அள்ளப்பட்டிருந்தன. சில இடங்களில் ஒருவரின் பெயர் எடுக்கப்பட்டு அதே நேரத்துக்கு இன்னொருவரின் பெயர் போடப்பட்டிருந்தது. தரகர் என்று நெற்றியில் எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான். நான் கதிரையை விட்டு எழும்பி, பக்கத்து மேசைக்காரரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு.

"நீரே போய் ஒரு வாக்குமூலம் எடுத்துக்கொண்டு வாரும்," என்றார் பணிப்பாளர். "தீவார்தானே நீர்."

வேலணைத் தீவில் பிறந்தவள் என்பது உண்மை. ஆனால் நெடுந்தீவுக்கு அதற்கு முன் ஒரேயொரு தடவை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான் போயிருக்கிறேன். மண்கும்பான், மடத்துவெளி எல்லாம் தாண்டி பஸ் குறிகட்டுவானில் இறக்கிவிட்டது. அங்கிருந்து படகு. கடல் கொஞ்சம் எழும்பியிருந்தது. பாதி வழியில் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து போயின. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் தளத்தையும் இந்தக் கோடுகளையும் சேர்த்து நினைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

நெடுந்தீவு ஜெற்றியில் இறங்கியதும், ஆள் எங்கே என்று அறிய அந்த இலக்கத்துக்கு அழைத்தேன். மணி எனக்கு இருபது அடி தள்ளி, ஒரு கடைக்குள் அடித்தது. கொப்பி, சவர்க்காரம், மாட்டுக்குப் புண்ணாக்கு, ஒரு போட்டோ கொப்பி இயந்திரம், ஒரு பழைய கணினி. கைப்பேசியை யன்னல் கம்பியில் ரிப்பனால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும்தான் அதற்கு சிக்னல் கிடைக்கும் என்று பிறகு அறிந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் யன்னலுக்கு வந்து, "ஓம், சொல்லுங்கோ," என்றாள். காதில் கைப்பேசியோடு வாசலில் நிற்கும் என்னைக் கண்டு சிரித்தாள். கடைக்காரி மலர் அவள்தான்.

"கிளினிக்குக்கோ அக்கா? அடையாள அட்டை கொண்டு வந்தனீங்களோ? உந்தக் கதிரையிலை இருங்கோ, இவரை முடிச்சிட்டு வாறன்."

நான் யாரென்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதையும் யோசித்துச் செய்யவில்லை. படகுக் களைப்பில், அவள் காட்டிய கதிரையில் போய் இருந்தேன்.

அவள் "இவர்" என்றது இராசதுரை அண்ணையை. அறுபது வயதிருக்கும். மாடு வளர்க்கிறவர், மனைவி இல்லை, மகள் கனடாவில். சீனி வருத்தத்தால் இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. அதற்கு லேசர் அடிக்க வேண்டும், இந்தத் திகதியைத் தவற விடக்கூடாது என்று வைத்தியர் அவருடைய கிளினிக் கொப்பியில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். அந்தத் திகதி மறுநாள், காலை பத்தரை மணி. ஆனால் திரையில் அவருடைய பெயருக்கு நேரே "தங்கள் பதிவு பரிசீலனையில் உள்ளது" என்று இருந்தது.

"அப்ப நாளைக்குப் போறதோ விடுறதோ பிள்ளை?" என்று அவர் கேட்டார்.

"அதைத்தான் அண்ணை உதுவும் சொல்லுதில்லை," என்றாள் மலர்.

அந்த வசனத்தை எழுத நான் ஒரு பின்னேரம் செலவழித்திருந்தேன். பிழையில்லாத, மரியாதையான தமிழ். போகலாமா, போகக்கூடாதா, யாரிடம் கேட்கலாம் என்ற மூன்றில் ஒன்றையும் அது சொல்லவில்லை. தளத்தில் அழைத்துக் கேட்க ஒரு தொலைபேசி இலக்கமும் கிடையாது. தொல்லை கூடும் என்று வேண்டுமென்றே போடாமல் விட்டது.

நான் வந்த வேலையை மறக்கவில்லை. வாடிக்கைக்காரிபோல ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன். முதலில் முகவரி.

"வீட்டு நம்பர் போடாட்டி அது கீழை விடுதில்லை அக்கா. இஞ்சை ஆற்றை வீட்டுக்கு நம்பர் கிடக்கு? வட்டாரத்தைச் சொன்னால் தபால்காரர் கொண்டந்து தருவார். உதுக்கு அது காணாது. ஒண்டு எண்டு போட்டுப் பாத்தன், விட்டுது."

"ஏன் எல்லாருக்கும் உம்மடை போன் நம்பர்?"

"பதியேக்கை அவையின்ரை போனுக்கு அந்த ஆறு நம்பர் கோட் வந்தால் அவை மாட்டுப் பட்டியிலை நிப்பினம், இல்லாட்டி கடலிலை. ரெண்டு நிமிசத்திலை அது செத்துப்போகுது. நான் ஆளைத் தேடிப் போய் வாறதுக்கிடையிலை பத்துக் கோட் சாகும்."

"ஏன் பத்து மணிக்குப் பிறகுதான் எடுக்கிறனீர்?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நீங்கள் இந்த ஊர் இல்லைப் போல. முதல் படகிலை போனாலும் ஆசுப்பத்திரி வாசலைக் காண ஒன்பதரை தாண்டும். எட்டு மணியைத் தந்தால் நாங்கள் அதை வச்சு என்ன செய்யிறது?"

பெயர் மாற்றுவது ஏன் என்றும் கேட்டேன். ஒருவர் காய்ச்சலில் கிடந்தால் அந்த நேரத்தை வீணாக்காமல் அடுத்த ஆளுக்குக் கொடுப்பாளாம். பதிவதற்கு என்ன வாங்குகிறாய் என்று கேட்டதற்கு, "பதியிறதுக்கோ? பிரிண்டுக்கு மட்டும்தான்," என்றாள். பிறகு ஒரு பாடசாலைக் கொப்பியைத் திறந்து காட்டினாள். பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன வருத்தம், என்ன கிளினிக். கடைசி நிரலுக்கு மேல் "ஆரோடை" என்று எழுதியிருந்தது.

"இது என்ன?"

"ஆர் ஆரோடை போறது எண்டு. நாலைஞ்சு பேரை ஒரே நாளிலைதான் போடுறனான் அக்கா. கண் தெரியாதவையைக் கண் தெரிஞ்சவை கூட்டிக்கொண்டு போவினம். நாளைக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போறது பரமேசு அக்கா. அவாக்கு நெஞ்சுக் கிளினிக். அவாக்குக் காது கேளாது, கூப்பிடுறதை இவர் கேட்டுச் சொல்லுவார். இன்னும் ரெண்டு பேரும் போகினம்."

இதை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். "நால்வர் ஒரே நாள். சேர்ந்து பயணம். பரமேசு – இராசதுரை." வரி பிசகாமல் எழுதினேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தரவுத்தளத்தில் எழுபதுக்கு மேல் நிரல்கள் இருந்தன, "ஆரோடை" என்று ஒன்று இல்லை.

அதற்கு மேல் நடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அலுவலக அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். மலர் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்ப பூட்டினது நீங்களோ?"

"ஓம்."

"அப்ப திறவுங்கோ மிஸ்."

கையெடுத்துக் கும்பிடவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அக்கா என்றது மட்டும் மிஸ் என்று மாறிவிட்டது.

மறுநாள் கிளினிக்குக்கான பெயர்ப் பட்டியல் முதல்நாள் நாலு மணிக்கு வைத்தியசாலையில் அச்சாகும். அதற்குள் திறக்காவிட்டால் பெயர் வராது. எனக்கோ பிற்பகல் படகைப் பிடிக்க வேண்டும், அதற்கு அரை மணி நேரம்கூட இல்லை. வெளியே போய்ப் பணிப்பாளரை அழைத்தேன். கொழும்பில் கூட்டம், கைப்பேசியை அணைத்திருந்தார். மலரின் கணினியிலேயே என் கணக்கைத் திறக்கப் போனேன். கடவுச்சொல்லைக் கொடுத்ததும், கோட் என் கைப்பேசிக்கு அனுப்பப்பட்டதாகத் திரை சொன்னது. என் கைப்பேசி வேறு நிறுவனத்தது, அதற்குக் கடையின் யன்னலடியில்கூட சிக்னல் இல்லை. வெளியே, சிக்னல் கிடைத்த கல்மதிலடிக்கு ஓடினேன். தகவல் வந்து சேரவே நேரம் போய்விட்டது. திரும்ப ஓடி வந்து இலக்கங்களை அடித்தால், "காலம் முடிந்துவிட்டது." இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் தவறினால் கணக்கு ஒரு நாளைக்குப் பூட்டப்படும். அந்த விதியையும் எழுதியவள் யாரென்று உங்களுக்கு விளங்கும்.

"நீங்கள் உதிலை இருங்கோ மிஸ். போனைத் தாங்கோ. நான் மதிலடியிலை நிண்டு கத்துறன்," என்றாள் மலர்.

கோட் இலக்கத்தை எவருக்கும் காட்டாதீர்கள் என்று எல்லா அலுவலகங்களிலும் ஒட்டுவதற்குச் சுவரொட்டி எழுதிய நான், கைப்பேசியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். சற்று நேரத்தில் வெளியே இருந்து ஆறு இலக்கங்கள் ஜெற்றிக்கே கேட்கும்படி வந்தன. அடித்தேன். கணக்கு திறந்தது. இராசதுரை அண்ணை, "அப்பாடா," என்று கதிரையில் சாய்ந்தார்.

இனி நான் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று, இந்தப் பதிவை மட்டும் விடுவிக்க. மற்றது, இந்த இலக்கத்தின் எல்லாப் பதிவுகளையும் விடுவிக்க. இரண்டாவதில் கையை வைத்ததும் சிவப்பு எழுத்தில் ஒரு பெட்டி வந்தது: "இதனால் ஏற்படும் முறைகேடுகளுக்கு நீங்களே முழுப் பொறுப்பு. தொடர விரும்புகிறீர்களா?" அதிகாரிகள் யோசிக்காமல் அமத்தக்கூடாது என்று நான் வைத்த எச்சரிக்கை அது. யாரையோ வெருட்டுவதற்கு எழுதியது என்னையே வெருட்டியது. நடைமுறைப்படி பணிப்பாளரின் கையொப்பமும் வேண்டும். தற்செயலாக அந்த நாற்பத்தொன்றில் ஒன்று உண்மையிலேயே தரகு என்றால்? ஓய்வுக்கு எனக்கு இரண்டு வருடம் இருந்தது. பெட்டியை மூடினேன். இராசதுரை அண்ணையின் பதிவை மட்டும் விடுவித்தேன்.

"நாளைக்குப் போற நாலு பேரையும் திறவுங்கோ மிஸ்," என்றாள் மலர், உள்ளே வந்து.

"அவசரம் இவருக்குத்தானே. மற்றது அறிக்கை போட்டு ரெண்டு மூண்டு நாளிலை திறப்பினம். பயப்பிடாதையும்."

"அதில்லை மிஸ்…"

படகின் ஊதல் கேட்டது. "நான் பாக்கிறன், நான் பாக்கிறன்," என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்ட களைப்போடு படகில் கண்ணை மூடினேன்.

குறிகட்டுவானில் பஸ் ஏறியபோது கைப்பேசியில் இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன, இரண்டும் மலரின் இலக்கம். நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மற்றப் பதிவுகளுக்காகக் கெஞ்சப் போகிறாள் என்று நினைத்தேன். நாளைக்கு அலுவலகத்தில் இருந்து பேசிக்கொள்ளலாம் என்று கைப்பேசியைப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு வைத்தியசாலைக்குப் போனேன். வேலை எதுவும் இல்லை. நான் திறந்த கதவால் ஒருவர் உள்ளே போவதைப் பார்க்கும் ஆசை, வேறொன்றும் இல்லை. பத்தரைக்கு தாதி அவருடைய பெயரைக் கூப்பிட்டார். பிறகும் கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். பதினொன்றரை வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தாழ்வாரத்தின் ஓரமாகப் போய் மலரை அழைத்தேன்.

"இராசதுரை அண்ணை வரேல்லையே?"

"ஆரோடை மிஸ் வாறது?"

பைக்குள் குறிப்புப் புத்தகத்தைத் தேடினேன். அவளே தொடர்ந்தாள். "வீட்டிலை இருந்து ஜெற்றி வரைக்கும் மதிலைத் தடவித் தடவி வந்திடுவார். அங்காலை பஸ்சுக்கும் ஆசுப்பத்திரிக்கும் மதில் எங்கை கிடக்கு? பரமேசு அக்காவின்ரை பேர் பூட்டினபடிதானே. நெஞ்சு வருத்தத்தோடை இண்டைக்கும் வந்து, பேர் வரேக்கை திரும்பவும் கடல் தாண்ட அவாக்கு ஏலாது. என்னாலை கடையைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட ஏலுமெண்டால் நானே வந்திருப்பன், மிச்ச ஆக்கள் பிரிண்டுக்கு வந்து நிண்டவை. அதைச் சொல்லத்தான் நேற்று ரெண்டு தரம் எடுத்தனான்."

குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். "பரமேசு – இராசதுரை." என் கையெழுத்து, நீல மை. நான் அறியாமல் செய்ததாக யாரிடமும் சொல்ல முடியாது. அந்தத் தாழ்வாரத்தில் நின்று அழுதேன். சீருடைக் காவலாளி ஒருவர் வந்து, நோயாளி யார், என்ன வருத்தம் என்று கேட்டார்.

அடுத்த கண் கிளினிக் ஆறு கிழமை கழித்து. அதற்குள் பதிவுகள் எல்லாவற்றையும் திறக்க வைத்தேன். நாலு பேரும் ஒன்றாக வந்தார்கள், வைத்தியர்கள் அண்ணைக்கு லேசர் அடித்தார்கள். அதற்குப் பிறகும் இராசதுரை அண்ணைக்கு ஆள் வருவது தெரியும், ஆள் யாரென்று தெரியாது. ஆறு கிழமை முந்தி வந்திருந்தால் முகம் தெரிந்திருக்குமா? வைத்தியர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்கப் பயம்.

அலுவலகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கோட் இலக்கத்தைச் சத்தம் போட்டு வாங்கியதற்கு என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். மறுநாளைக்குரிய மற்ற மூன்று பதிவையும் திறக்காமல் வந்ததற்கு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் அப்படித்தான். திறந்ததற்கு ஒரு கோவை இருக்கும், பூட்டியே வைத்திருந்ததற்குக் கோவை இருக்காது. ஆகவே நீங்கள் எப்போதும் பூட்டுப் பக்கமே சாய்வீர்கள். நெருக்கடியில் கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும், அதற்குக் கவனம் என்று ஒரு நல்ல பெயரும் வைத்துக்கொள்வீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். அலுவலகக் கணினியில் ஆறு பேர் இருந்து சோதித்துவிட்டு, பாவனைக்கு இலகு என்று கையெழுத்து வைத்ததும் அந்தப் புத்திதான். நாங்கள் ஆறு பேருக்கும் வீட்டு இலக்கம் இருந்தது, கண் தெரிந்தது, எட்டு மணிக்கு வந்து சேர பஸ் இருந்தது.

பிறகு மாற்றியவற்றை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். மூன்று பேர் விதி இல்லை, வீட்டு இலக்கம் கட்டாயமில்லை. கோட் அரை மணி நேரம் உயிரோடிருக்கும். தீவுக்காரருக்குப் படகு நேரம் பார்த்துத்தான் நேரம் வரும். உதவிப் பதிவாளர் என்று மலரைப் போன்றவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. "உடன் வருபவர்" என்ற கட்டம் உண்டு, இருவரில் ஒருவரைப் பூட்டினால் மற்றவரின் பதிவும் கூடவே திரையில் வரும். அந்தக் கட்டத்தைத் தேவையில்லை என்று எடுக்கப் பார்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எடுப்பதற்கு முன் ஒரு நாள் படகேறிப் போய் வாருங்கள்.

புதிய தளத்தை மலரிடம் காட்ட நானே மறுபடி போனேன். அவள் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து பேரைப் பதிந்து பார்த்தாள். "இப்ப நல்லம் மிஸ்," என்றாள். அந்த நேரம் இராசதுரை அண்ணை மதிலைத் தடவிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"ஆர் பிள்ளை இருக்கிறது?"

"கிளினிக் மிஸ், அண்ணை."

அவருடைய முகம் மலர்ந்தது. நான் கதிரையில் இருப்பதாக நினைத்து, கதிரையைப் பார்த்துப் பேசினார். "அண்டைக்கு எனக்குத் திறந்து தந்த பிள்ளையெல்லோ. என்னாலைதான் வரேலாமல் போச்சு, குறை நினையாதையும் பிள்ளை. நீர் செய்ததை நான் மறக்கமாட்டன்."

நான் நின்றது மேசைக்கு மற்றப் பக்கம். சத்தம் போடாமல் நடந்து வந்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கதிரையில் இருந்தேன்.